207-ஆம் அறை காலி என்று நான் எழுதிய காலை

“104, 207, 208, 211 இன்று மாலை காலியாகும். கல்யாண பார்ட்டிக்குக் கொடுக்கலாம். – முத்தையா, கிளப் ஆபீஸ்.”

இது லாட்ஜ் மேனேஜர் பாலுவுக்கு என் கைப்பேசியிலிருந்து நான் அனுப்பிய செய்தி. ஆவணி மாதத்துச் சனிக்கிழமை, காலை 9.42. இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். அன்று பிற்பகல்தான் பெண்கள் ஒற்றையர் கால் இறுதி. நான்கு ஆட்டம், நான்கு பேர் தோற்பார்கள். முதல் ஆட்டமே இரண்டு மணிக்குத்தான். ஆனால் அந்த நான்கு பேர் யார் என்று காலை 9.42-க்கே நான் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அது என் வேலையில் ஒரு பகுதி. புதுக்கோட்டையில் ஒரு டென்னிஸ் கிளப்பின் அலுவலகத்தில் இருபத்து நான்கு வருடம் இருந்தேன். கோர்ட்டில் இறங்கி ஒரு பந்து அடித்ததில்லை. யாரோடு யார் மோதுவது என்ற டிரா ஷீட் எழுதுவது, பந்து டப்பா எண்ணி வாங்குவது, செம்மண் கோர்ட்டுக்குத் தண்ணீர் அடிக்க ஆள் பிடிப்பது, ஆட்டக்காரர்களுக்கு அறை ஒதுக்குவது எல்லாம் என்னுடையவை. இப்போது அந்த நாற்காலியில் இருப்பவர்கள், அறை விவகாரத்தை எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்கிறார்கள். சமாளித்த கதையையும் சமாளிக்க முடியாமல் போன கதையையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதல் வருடம்: டிரா ஷீட்டை நம்பியது

வெளியூரிலிருந்து வரும் பெண்களுக்குக் கிளப் செலவில் அறை உண்டு. தோற்கும் நாள்வரைக்கும்தான். தோற்ற அன்று மாலை காலி செய்ய வேண்டும். இதை ஹாஸ்பிடாலிட்டி என்று சொல்வோம். முப்பத்திரண்டு பேர் வருவார்கள். வியாழன் முதல் சுற்று, வெள்ளி இரண்டாம் சுற்று, சனி கால் இறுதி, ஞாயிறு அரை இறுதி, திங்கள் இறுதி. ஒவ்வொரு நாளும் பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள்.

இது நேரான கணக்குத்தான், ஆவணி முகூர்த்தம் குறுக்கே வராவிட்டால். வரும். எங்கள் மாநில அளவிலான போட்டி எப்போதும் ஆவணியில்தான் நடந்தது. கல்யாண வீட்டுக்காரர்கள் சனிக்கிழமை மதியத்திலிருந்தே வந்து இறங்குவார்கள். அதனால் லாட்ஜ்காரர் காலையிலேயே கேட்பார், எந்த அறை காலியாகும் என்று. எத்தனை அறை என்று சொன்னால் அவருக்குப் போதாது, எண் வேண்டும். மாடியில் இரண்டும் கீழே ஒன்றுமாக ஒரு குடும்பத்தைப் பிரித்துப்போட முடியாது.

என் முதல் போட்டியில் செயலாளர் ராமசாமி சார் டிரா ஷீட்டை மேசையில் போட்டு, “முத்தையா, யாரு நிப்பா, யாரு போவான்னு பாத்து லாட்ஜுக்குச் சொல்லிரு” என்றார்.

“அது எப்படி சார் முன்கூட்டியே தெரியும்?”

“சீடிங்னு தரவரிசை எதுக்குய்யா போட்டிருக்கு? நம்பர் போட்டவ நிப்பா. போடாதவ போவா. இதுல என்ன பெரிய வித்தை?”

அப்படியே எழுதினேன். அந்த வருடம் சீடிங் பெற்ற மூன்று பேர் வெள்ளிக்கிழமையே தோற்றார்கள். சனிக்கிழமை மூன்று அறை சும்மா பூட்டிக் கிடந்தது. இன்னொரு பக்கம் ஜெயித்த மூன்று பெண்கள் பெட்டியோடு லாட்ஜ் வாசலில் நின்றார்கள். பாலு அப்போதே அங்கே மேனேஜர். “அண்ணே, ஒங்க லிஸ்ட்ட நம்புனதுக்கு நான் பஞ்சாங்கத்தப் பாத்திருக்கலாம்” என்றார்.

ஆட்டத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டது

அடுத்த வருடத்திலிருந்து நோட்டு போட்டேன். பெயர், எதிராளி, என் கணிப்பு, காரணம், முடிவு என்று ஐந்து கட்டம். காரணம் எழுதாமல் கணிப்பு எழுதுவதில்லை என்று எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். டென்னிஸ் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படித்ததைவிட வேலிக்கு வெளியே நின்று பார்த்தது அதிகம் உதவியது.

செம்மண்ணில் வேகமாக அடிக்கிறவரைவிடப் பத்தாவது பந்தையும் திருப்பி அனுப்புகிறவர் நிற்பார். பிராக்டிஸில், முதலாவது தவறினால் போடும் செகண்ட் சர்வைப் போட்டுப் பார்க்காதவர் இறுக்கமான கட்டத்தில் அதிலேயே மாட்டுவார். முதல் செட்டை இழந்ததும் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொள்கிறவர் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. கோர்ட்டுக்கு வெளியேயும் பார்த்தேன். காலைச் சாப்பாட்டின்போது யாராவது பஸ் நேரம் கேட்டால் அவர் பெயருக்கு எதிரே ஒரு புள்ளி வைப்பேன். மனதில் ஏற்கெனவே ஊருக்குக் கிளம்பிவிட்டவர்கள்தான் பஸ் நேரம் கேட்பார்கள் என்பது என் கண்டுபிடிப்பு. பல வருடம் அது பொய்க்கவில்லை.

நாலைந்து போட்டிக்குப் பிறகு என் லிஸ்ட் பெரும்பாலும் சரியாக வந்தது. தப்பினால் ஓர் அறை தப்பும். அதற்கு என் வீட்டு முன்னறை இருந்தது. பாலு என்னைச் “சோசியரே” என்று கூப்பிட ஆரம்பித்தார். எனக்கு அதில் பெருமைதான், மறைக்கவில்லை. யார் வெல்வார் என்பதைவிட யார் போவார் என்று சொல்வதில் எனக்குக் கை தேர்ந்துவிட்டது. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது என்று அப்போது யோசிக்கவில்லை.

ஸ்டெல்லா

நான் ஓய்வு பெற்ற வருடத்துக்கு முந்திய வருடப் போட்டி அது. ஸ்டெல்லா மீமிசலைச் சேர்ந்த பெண். திருச்சியில் கல்லூரி விடுதியில் தங்கி ஆடக் கற்றவர். நம் மாவட்டத்துப் பெண்தான் என்றாலும் மீமிசலிலிருந்து தினமும் வந்து போக முடியாது என்பதால் 207 கொடுத்திருந்தேன். கூட அவர் அம்மா அருளம்மாள். கருவாடு வியாபாரம் செய்பவர்.

வியாழக்கிழமை பெயர் பதிய வந்தபோதே அருளம்மாள் என்னிடம் ஒரு விண்ணப்பப் படிவத்தின் நகலைக் காட்டினார். ஓர் அரசு நிறுவனத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலை. மாநில அளவிலான போட்டியில் அரை இறுதி வரை வந்த சான்றிதழ் இணைக்க வேண்டும் என்று அதில் இருந்தது. வயது வரம்பு அந்த வருடத்தோடு முடிகிறது.

“இத விட்டா அவளுக்கு அடுத்த தடவைங்கிறதே இல்ல சார். சர்டிபிகேட்ட நீங்கதான குடுப்பீங்க?”

“அரை இறுதிக்கு வந்தா என் கையாலதாம்மா எழுதுவேன்” என்றேன்.

முதல் இரண்டு சுற்றை ஸ்டெல்லா ஜெயித்தார். கால் இறுதியில் எதிராளி நிவேதா. கோவைப் பெண், முதல் சீடிங். வெள்ளிக்கிழமை இரவுக்குள் என் நோட்டில் எழுதியது இது: “ஸ்டெல்லா – நிவேதா. ஸ்டெல்லா தோற்பார். காரணம்: களைத்தால் சர்வீஸுக்குப் பந்தை மேலே எறியும் டாஸ் இடப்பக்கம் சாய்கிறது. இரண்டாம் சுற்றில் மூன்றாவது செட்டில் நான்கு முறை பார்த்தேன்.”

சனிக்கிழமை காலை ஏழே காலுக்கு, இட்லித் தட்டோடு நின்ற அருளம்மாள் என்னிடம் கேட்டார்: “மீமிசலுக்கு சாயந்தரம் பஸ் எத்தன மணிக்கு சார்?”

சொன்னேன். நோட்டில் ஸ்டெல்லாவின் பெயருக்கு எதிரே ஒரு புள்ளி வைத்தேன். 9.42-க்குச் செய்தி போனது.

பிற்பகல் 1.10

அலுவலகக் கதவைத் தட்டாமல் ஸ்டெல்லா உள்ளே வந்தார். கழுத்தில் துண்டு, தோளில் ராக்கெட் பை, கையில் துணிப் பெட்டி.

“சார், நான் இன்னைக்கித் தோக்குறேன்னு நீங்க எழுதிக் குடுத்தீங்களா?”

நான் எழுந்து நின்றேன்.

“லாட்ஜுல சாவி மாட்டுற பலகையில எழுதி ஒட்டிருக்காங்க சார். 207 காலின்னு. ஒங்க பேரு போட்டு.”

“அது அறைக் கணக்கும்மா. கல்யாண பார்ட்டிக்காக...”

“நான் பத்தரைக்குப் பிராக்டிஸுக்குப் போனேன். ஒரு மணிநேரம் அடிச்சிட்டு, சாப்பிட்டுட்டு, ரெண்டு மணிநேரம் தூங்கலாம்னு வந்தா எங்கம்மா பெட்டியோட கீழ ஒக்காந்திருக்காங்க. ரூம்ல பூக்கூடைய எறக்கிட்டிருக்காங்க.”

“சாயந்தரம்னுதானம்மா எழுதினேன். மதியமே யாரு காலி பண்ணச் சொன்னது?”

“ரூம் கூட்டுறவங்க வந்து சொன்னாங்களாம். அம்மா அப்படித்தான் சொல்றாங்க.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: “எதுக்கு சார் அப்படி எழுதுனீங்க? காரணம் இருக்குமில்ல?”

மேசை மேல் நோட்டு திறந்தே இருந்தது. மூடியிருக்கலாம். மூடவில்லை. அவர் குனிந்து படித்தார். டாஸ் சாய்வதைப் பற்றி எழுதியிருந்ததை விரலால் தொட்டார்.

“இது சரிதான் சார். எங்க கோச்சும் சொல்வாரு.” பக்கத்திலிருந்த புள்ளியைக் காட்டி, “இது என்ன?” என்றார்.

சொன்னேன்.

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். “எங்கம்மா மட்டும் போறதுக்குக் கேட்டாங்க சார். நாளைக்கி ஞாயித்துக்கெழம, காலையில கருவாடு எடுக்க ஏவாரி வருவாங்க. நான் ஒத்தையில இருந்து அரை இறுதி ஆடிட்டு வாரேன்னு சொல்லிருந்தேன்.”

லாட்ஜில்

என் வண்டியை எடுத்துக்கொண்டு லாட்ஜுக்குப் போனேன். 207-இன் கதவு திறந்திருந்தது. கட்டிலில் மூன்று துணிப் பெட்டி, ஒரு பாத்திர மூட்டை. நடுவில் வெள்ளை வேட்டியில் பெரியவர் ஒருவர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொல்லி, ஒரே ஒரு அறையை மாலை ஆறு மணி வரை கொடுக்க முடியுமா என்று கேட்டேன்.

“யோவ், நாங்க மாப்ள வீடு. எங்களயே எந்திரிக்கச் சொல்றியா?”

“இல்லைங்க, ஒரு பொண்ணு, மேட்ச் ஆடணும்...”

“எங்க பையன் நாளைக்கிக் காலையில தாலி கட்டணும். எது பெருசு? நீயே சொல்லு.”

பாலு என்னைக் கையைப் பிடித்துக் கீழே கூட்டி வந்தார்.

“பாலு, சாயந்தரம்னு எழுதிருந்தேன்ல. மதியமே ஏன் காலி பண்ணச் சொன்னீங்க?”

“யாரு சொன்னா? நான் சொல்லல, எங்க ஆளுகளும் சொல்லல. பதினொன்றரைக்கு அந்தம்மா வெந்நி வாங்க வந்துச்சு. பலகையப் பாத்துச்சு. மேல போயி அஞ்சு நிமிசத்துல சாவியக் கொண்டாந்து கல்லாவுல வச்சுட்டுப் போயிருச்சு. சாவி வந்தா நான் அடுத்த பார்ட்டிக்குக் குடுக்கத்தானண்ணே செய்வேன்?”

“லிஸ்ட்ட எதுக்குப் பலகையில ஒட்டுனீங்க?”

“வருசா வருசம் ஒட்டுறதுதான. இன்னைக்கி மட்டும் என்ன புதுசா?”

அது உண்மை. எத்தனையோ வருடமாக என் கணிப்பு அந்தப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. எத்தனை பெண்கள் சாவி வாங்கும்போது அதைப் பார்த்துவிட்டு ஆடப் போனார்கள் என்பதற்கு என் நோட்டில் கட்டம் இல்லை.

திரும்பி வந்து ராமசாமி சாரிடம் சொன்னேன். “ஜெயிச்சா பாத்துக்கலாம்யா. மொதல்ல ஜெயிக்கட்டும்” என்றார். இரண்டாம் கோர்ட்டுக்குப் பின்னால் வேப்ப மரத்தடியில் ஸ்டெல்லாவும் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். அலுவலகத்தில் மின்விசிறியைப் போட்டு பெஞ்சை ஒதுக்கித் தருகிறேன், படுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அப்போது மணி 2.25. ஆட்டம் மூன்றரைக்கு.

“இப்ப படுத்தா ஒடம்பு சாஞ்சிரும் சார். விடுங்க” என்றார் ஸ்டெல்லா.

அருளம்மாள் முந்தானையால் மகளுக்கு விசிறிக்கொண்டிருந்தார். மணியைப் பார்த்துச் சொல்கிறேன், நான் அங்கே நின்ற பத்து நிமிடமும் விசிறுவதை நிறுத்தவில்லை.

வீட்டுக்குப் போன் செய்து முன்னறையைக் கூட்டி வைக்கச் சொன்னேன். “எதுக்கு?” என்றார் என் மனைவி. சொன்னேன். “கூட்டிட்டு வாங்க. ஆனா அது தோத்துரும்னு எழுதுன ஆளு நீங்கதான? இப்ப ஜெயிக்கும்னு எடம் போடுறீங்க?” என்றார்.

3.40 முதல் 6.15 வரை

ஆட்டம் பத்து நிமிடம் தாமதமாகத் தொடங்கியது. முதல் செட் ஸ்டெல்லா 6–3. நிவேதாவின் பந்துகளை ஆழமாகத் திருப்பி, அவரை நெட் பக்கம் வரவிடாமல் வைத்திருந்தார். இப்படி ஆடுவார் என்று நான் எழுதியிருக்கவில்லை. இரண்டாவது செட் 4–6. மூன்றாவதில் இருவரும் ஐந்து ஐந்து.

என் வேலை அன்று ஸ்கோர் கார்டு வாங்குவது மட்டும். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒருவர் ஜெயிக்க வேண்டும் என்று விரும்பி நான் ஓர் ஆட்டத்தைப் பார்த்தது அன்றுதான். அத்தனை வருடம் என் லிஸ்ட் சரியாக வர வேண்டும் என்றுதான் விரும்பியிருக்கிறேன்.

5–5, ஸ்டெல்லாவின் சர்வீஸ். முதல் புள்ளியில் டாஸ் இடப்பக்கம் சாய்ந்தது. பந்து நெட்டில் பட்டது. செகண்ட் சர்வ் வெளியே. அதன்பின் ஒரு நீண்ட ராலியை ஜெயித்தார். அடுத்ததை இழந்தார், அதற்கடுத்ததை எடுத்தார். 30–30. மறுபடி டாஸ் சாய்ந்தது, செகண்ட் சர்வில் தப்பித்தார், ஆனால் நிவேதாவின் ரிட்டர்ன் கோட்டில் விழுந்தது. 30–40. ஸ்டெல்லா பந்தைத் தரையில் ஆறு முறை தட்டினார். டபுள் ஃபால்ட்: இரண்டு சர்வும் தவறின. அடுத்த கேமை நிவேதா விடவில்லை. 3–6, 6–4, 7–5. மணி 6.15. செம்மண் இருட்டத் தொடங்கியிருந்தது.

ஸ்கோர் கார்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஸ்டெல்லா பேனாவை என்னிடம் நீட்டினார். “டிக் போட்டுக்குங்க சார். காரணமும் சரியா இருந்துச்சு.” கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அம்மாவும் மகளும் ஒரே பஸ்ஸில் ஏறினார்கள். நான் காலையில் சொன்ன அதே பஸ்.

அலுவலகத்துக்குத் திரும்பினால் ராமசாமி சார் பூட்டுச் சாவியோடு நின்றிருந்தார். “நாலுக்கு நாலு. ஒன் கணக்கு தப்பலய்யா” என்று தோளில் தட்டினார்.

இதிலிருந்து

டாஸ் சாய்வது உண்மை. நான் பார்த்ததும் உண்மை. ஆனால் களைத்தால் சாய்கிறது என்று எழுதியவனே அந்தப் பெண்ணின் இரண்டு மணிநேரத் தூக்கத்தை எடுத்துக்கொண்டான். அதன்பிறகு அவர் களைத்தது என் கணிப்புக்குச் சாட்சியாகுமா? அந்த ஆட்டத்தின் முடிவை என் நோட்டில் எந்தப் பக்கம் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. சேர்க்கவில்லை.

அடுத்த வருடம், என் கடைசிப் போட்டியில், லாட்ஜுக்கு முன்கூட்டி லிஸ்ட் கொடுக்கவில்லை. கால் இறுதி ஆடும் எட்டுப் பேருக்கும் ஞாயிறு காலை வரை அறையை எழுதி வாங்கினேன். ராமசாமி சார் சத்தம் போட்டார், பாலுவும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். இப்போது வேலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: கணியுங்கள், தப்பில்லை. ஆனால் ஸ்கோர் கார்டில் கையெழுத்து விழுவதற்கு முன்னால் உங்கள் கணிப்பை வைத்து யாருடைய கதவையும் திறக்கவோ பூட்டவோ செய்யாதீர்கள்.

ஸ்டெல்லா இப்போது ஒரு தனியார் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. சான்றிதழ் கேட்ட அந்த அரசு நிறுவன வேலைக்கு விண்ணப்பிக்கவில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் உறுதி செய்ய முடியவில்லை. அன்று அறையைக் காலி செய்யச் சொன்னது லாட்ஜ் ஆட்களா, அல்லது பலகையில் என் பெயரைப் பார்த்துவிட்டு அருளம்மாள் தானாகவே சாவியைக் கொடுத்தாரா? பாலு ஒன்று சொல்கிறார், ஸ்டெல்லா வேறு சொன்னார். அறை கூட்டும் இருவரில் ஒருவர் வேலையை விட்டுப் போய்விட்டார், இன்னொருவருக்கு ஞாபகமில்லை. இரண்டு மாதம் கழித்து அருளம்மாளுக்கே போன் செய்து கேட்டேன். பின்னால் ஏலம் கூவும் சத்தம் கேட்டது. 

“நாந்தான் குடுத்தேன்னு வச்சுக்குங்க சார்” என்றார்.

அப்படி வைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. இது இன்றுவரை சரிபார்க்கப்படாத தகவல்.